ஒரு பிடி ஆணி

அக்கா,

இன்று காலை கடை திறந்ததும் அந்த பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்தேன். எண்ணெயும் துருவும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. உள்ளே முழுக்க ஆணி. நடுநடுவே சுவரில் அடிக்கும் கொக்கிகள். நீங்கள் போன பிறகு வீட்டை ஒழித்த உங்கள் மகள்தான் அதைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து என் கல்லா மேல் வைத்தாள். "செவுத்துல புதுசா ஒரு காலண்டர்கூட மாட்டலியே மாமா, இத்தினி ஆணி இன்னாத்துக்கு வாங்கனாங்க?" என்று கேட்டாள். ஒரு டீ சொல்லி அவளை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

திருக்கனூர் கடைத்தெருவில் என் இரும்புக் கடைக்கு அடுத்தது உங்கள் ஜாக்கெட் துணிக் கடை. இந்தத் தெருவில் முதன்முதலில் போனில் வியாபாரம் செய்தவர் நீங்கள்தான். எந்தப் பயிற்சி முகாமுக்கும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. கல்யாணமாகிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பெண்கள் புடவையைப் படம் எடுத்து அனுப்பி, அதற்கேற்ற துணி கேட்டார்கள். நீங்கள் தெருவில் இறங்கி, வெயிலில் துணியை விரித்துப் படம் எடுத்து அனுப்பினீர்கள். ட்யூப்லைட்டில் எடுத்தால் நிறம் பொய் சொல்லும் என்பீர்கள். ரொம்பச் சந்தேகம் வந்தால் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவித் தபாலில் அனுப்பச் சொல்வீர்கள். அப்புறம் எப்படி அந்தப் பெண்கள் வேறு கடைக்குப் போவார்கள்?

உங்களுக்குக் கைராசி வேறு. உங்கள் கையால் போணி ஆனால் அன்றைக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று தெருவே நம்பியது. பஸ்ஸை விட்டு நீங்கள் இறங்கியதுமே பழக்கடைக்காரர் எலுமிச்சம்பழத்தோடு ஓடிவருவார். நீங்களோ, "என் கைல இன்னாபா இருக்குது, மருதாணிதான் இருக்குது" என்பீர்கள். இருந்தும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் போவீர்கள்.

என் கடை படுத்துக்கொண்டிருந்த காலம் அது. மண்வெட்டி, களைக்கொத்து, கரும்பு வெட்டும் கத்தி எல்லாம் தூசி பிடித்துக் கிடந்தன. ஒருநாள் காரில் வந்த ஒருவர் என் தோசைக்கல்லைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டார். நானும் வாய் வலிக்கச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டு, என் கண் முன்னாலேயே போனில் வேறு எங்கோ ஒரு கல்லை ஆர்டர் போட்டுவிட்டுக் கிளம்பினார். அன்று சாயங்காலம், கடையை வாடகைக்கு விட்டுவிடப் போகிறேன் என்றேன் உங்களிடம். "அவங்க போனுக்குள்ள பாக்கறாங்கன்னா, நீயும் அதுக்குள்ள போயி கடைய போடு" என்றீர்கள், ஏதோ எதிர்ப் பக்கத்துக்குக் கடை மாற்றச் சொல்வதுபோல.

வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்து, தோசைக்கல்லையும் பணியாரக்கல்லையும் ஆன்லைனில் ஏற்றிவிட்டுப் போனான். ஆர்டரும் வந்தது. ஆனால் கூத்து அதற்குப் பிறகுதான். போணி ஆகாமல் கடையிலிருந்து ஒரு சாமானும் காசில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது என் அப்பா காலத்துச் சட்டம். ஆன்லைன் காசோ சில நாள் கழித்துத்தான் வரும். அது கடன் இல்லாமல் வேறென்ன? அதனால் யாராவது நேரில் வந்து கையில் காசு கொடுக்கும்வரை பார்சல் கட்டாமல் உட்கார்ந்திருந்தேன். சில நாள் மத்தியானம்வரை ஈ ஓட்டினேன். பார்சல் வண்டி வந்து காத்துவிட்டு வெறுங்கையோடு போகும். ஆர்டர் போட்டவர்கள் வேண்டாம் என்றார்கள், மட்டமாக நட்சத்திரம் போட்டார்கள். மகன் போனில் கத்தினான். அவனிடம் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. மூடநம்பிக்கை என்று பாடம் எடுக்கவும் இல்லை. மறுநாள் உங்கள் கடைப் பூட்டைத் திறக்கும் முன்னால் என் கடைப் படியேறி, "ஒரு பிடி ஆணி குடுப்பா" என்று சில்லறையை நீட்டினீர்கள். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "ஆச்சா? இப்ப கட்டு பார்சல" என்றீர்கள். அதற்கடுத்த நாளும் வந்தீர்கள். மழையிலும் வந்தீர்கள், உங்களுக்கே உடம்பு சரியில்லாதபோதும் வந்தீர்கள். பார்சல் ஒருநாளும் தாமதமாகவில்லை. வாடகைக்குக் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு உங்களைப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஆர்டர் இரண்டு கிடந்தது. கடையில் ஒரு ஆளும் இல்லை. அப்போது, போனில் யாராவது காசு அனுப்பினால் அறிவிக்கும் கல்லாப் பக்கத்துப் பெட்டி, பத்து ரூபாய் வந்திருக்கிறது என்று சத்தம் போட்டது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அடுத்த நொடி உங்கள் போன்.

"ஒரு பிடி ஆணி எடுத்து வை. வந்து வாங்கிக்கறன்."

"போன்ல வர்றது போணி ஆவுமாக்கா?"

"நான் குடுத்தா ஆவும். கட்டுப்பா, வண்டி வந்துடும்."

உங்கள் குரலில் பாதி காற்றுதான் இருந்தது. நான் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். ஆணியை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தேன். அடுத்தடுத்த நாட்களும் காலையில் பெட்டி பேசியது, நானும் ஒவ்வொரு பொட்டலமாக மடித்து வைத்தேன்.

அந்தப் பொட்டலங்களை வாங்கிக்கொள்ள நீங்கள் வரவே இல்லை. உங்கள் காரியம் முடிந்து கடை திறந்த அன்று பெட்டி பேசவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த போன்தான் சத்தம் போட்டது. சேலத்திலிருந்து யாரோ ஒரு தோசைக்கல் கேட்டிருந்தார்கள். அழுதுகொண்டே போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பார்சலைக் கட்டினேன். அன்றிலிருந்து எனக்கு ஆர்டர் வந்தாலே போணிதான்.

போன வாரம் காலேஜ் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். சின்னக் கடைக்காரர்கள் எதனால் ஆன்லைனுக்கு வருகிறார்கள் என்று படிக்கிறார்களாம். போட்டியா, பிள்ளைகள் சொல்வதா, நெட் விலை குறைந்ததா, அரசாங்க உதவியா என்று கேட்டார்கள். போட்டியும் உண்டு, மகனும் உண்டு என்றேன். ஆனால் பக்கத்துக் கடையில் ஒரு நல்ல மனுஷி இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் துணிச்சல் வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்களா தெரியாது.

உங்கள் கடையை இப்போது மகள் நடத்துகிறாள். உங்கள் போனில் இருந்த பெண்களோடு நிற்காமல், எல்லோரும் வாங்கும்படி ஆன்லைனிலும் போட்டுவிட்டாள். துணியை வெயிலில் விரித்துத்தான் படம் எடுக்கிறாள். ஆரம்பத்தில், "யாருமே வாங்கலனா இன்னா மாமா பண்றது?" என்று முகம் வாடிக் கேட்டாள். எனக்குக் கைராசி உண்டா என்று தெரியாது. உங்களுக்கும் இல்லை என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? தினமும் என் ஷட்டரைத் தூக்கும் முன்னால் அவள் கடைப் படியேறுகிறேன்.

வீட்டில் பீரோ கதவு மூட மாட்டேன் என்கிறது. நேற்று என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஒரு பொடவ எடுத்துக் குடுக்கக் காணோம், இத்தினி ஜாக்கெட் பிட்டு இன்னாத்துக்கு?" என்று கேட்டாள்.

"போணி" என்றேன்.

அவள் பீரோவில் இன்னொரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள்.