நூற்றைம்பது முட்டை உரிந்த கதை

என் பிரியமான மதினி,

உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அண்ணனிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை வாயைத் திறந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போய்விட்டார். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நூற்றைம்பது முட்டை, மதினி. தலவாக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் அவித்து உரித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டகொடை ஸ்டேஷனில் நாம் இருவரும் முட்டைக் கூடையோடு நிற்போமே. தோட்டத்து லயன் வீட்டுக் கோழிகள் காலையில் இட்டதை உடனே அவித்து, உரித்து, மிளகும் உப்பும் தூவி நீட்டுவோம். உரிக்கும்போதே ஓட்டோடு பாதி வெள்ளை போய்விடும். பதுளை ரயிலில் இருந்த ஒருவர், "இது எலி தின்ன மிச்சமா?" என்று கேட்டு ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: "புது முட்டை வேணாம் லெச்சுமி. ஒரு வாரம் வச்சிருந்து அவிப்போம். எங்க அம்மா அப்புடித்தான் செய்வாங்க."

"பழைய முட்டைய விக்க நான் வரல மதினி. வேணும்னா நீங்க மட்டும் போங்க" என்றேன்.

இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்களே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தீர்கள். வாங்கிக் குடித்தேன். ஆனால் ஒருநாள் வைத்துப் பார்ப்போமே என்றுகூட நான் சொல்லவில்லை. அந்த ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம் நான் கூடையைத் தொடவே இல்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நானா என்று கூப்பிடுவோமே, அவர் ஆள் அனுப்பினார். அவர் மகளுக்குக் கல்யாணம், புரியாணிக்கு அவித்த முட்டை வேண்டுமாம். நாம் ஸ்டேஷனில் விற்றதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நேரில் போனதும், "முழுசா இருக்கணும் புள்ள" என்றார். "சம்பந்தி வீட்டு ஆளுங்க கொழும்புலேர்ந்து வாராங்க. பிஞ்ச முட்டைய சோத்து மேல வச்சா என் மானம் போயிரும். ஏலாதுன்னா இப்பவே சொல்லிரு."

ஏலும் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

நூற்றைம்பது முட்டை ஒரே நாளில் சேருமா? பத்து நாள் லயம் லயமாகப் போய் வாங்கி, கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்பே சேர்த்து வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பயம் வந்துவிட்டது. முதலில் வாங்கியவற்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். எதுவும் மிதக்கவில்லை, கெடவில்லை. அதில் ஐந்தையும், அன்று காலையில் இட்ட ஐந்தையும் சேர்த்து அவித்தேன்.

அன்றைய முட்டை ஐந்தும் கந்தலாகத்தான் வந்தது. பழைய முட்டையின் தடித்த பக்கத்தை மெல்லத் தட்டினேன். உள்ளே காற்றுக்குழி இருக்கிற பக்கம் அது. அங்கே விரலை வைத்ததும் ஓடு சட்டை மாதிரிக் கழன்று வந்தது. ஐந்தும் அப்படியே வந்தது, மதினி. முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் சொன்னது சரி. இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பில் ஏற்றுவீர்கள். நான் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அகப்பையில் வைத்து ஒவ்வொன்றாக இறக்கினேன். அண்ணனின் கடிகாரத்தைப் பார்த்துப் பதின்மூன்று நிமிடம். உங்கள் பிறந்த ஊர் கினிகத்தேனை நம்மைவிடத் தாழ்வு, அங்கே பத்து நிமிடம் போதுமாம். கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் இங்கே அவித்த முட்டை நடுவில் கூழாக இருந்ததே, அது உங்கள் தவறில்லை. மலையில் மேலே ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமாம். பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார், எனக்குப் பாதிதான் புரிந்தது. அதற்காக ரொம்ப நேரம் விட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை படிந்துவிடுகிறது. இறக்கியதும் குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும்.

கல்யாண வீட்டுப் பின்கட்டில் விடிந்ததும் அடுப்பு மூட்டினேன். சமையல்காரர் இடுப்பில் கைவைத்துப் பக்கத்திலேயே நின்றார். முதல் முட்டையின் தடித்த பக்கத்தைத் தட்டினேன். ஓடு வழுக்கிக்கொண்டு வந்தது. பத்தாவதுக்கு அப்புறம் அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நூற்றைம்பதில் மூன்றுதான் பிய்ந்தது. கூடுதலாகக் கொண்டுபோனதில் ஈடுகட்டினேன்.

நானா வந்து தட்டுகளைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று வரிசையாக இருந்தன.

"யார்கிட்ட புள்ள படிச்ச?"

"எங்க மதினி சொன்னது நானா. அவங்க உசிரோட இருக்கப்ப நான்தான் கேக்கல."

அவர் உள்ளே போனார். ஒரு புரியாணிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். "இது மதினி பேருக்கு, வீட்டுக்குக் கொண்டு போ" என்றார். அண்ணன் அதைச் சாப்பிட்டுவிட்டு நெடுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடையோடு திரும்பவும் ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஐப்பசியில் உங்கள் வருஷப் படையலுக்கு இரண்டு முட்டை வைப்பேன், இது சத்தியம். ஒன்று உங்கள் பச்சைத் தண்ணீரில் அவித்தது, மற்றது என் கொதிதண்ணீரில். எது நல்லதென்று நீங்களே பாருங்கள். இந்தத் தடவை நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் நாத்தனார்,
லெட்சுமி