செல்வி கை எடுக்கவில்லை, டீச்சரம்மா

டீச்சரம்மா,

என் முழங்கால் புண்ணுக்குக் கட்டுப்போட மருமகள் இன்று புதுப் பேண்டேஜ் உறையைக் கிழித்தாள். வெளுத்த துணியின் அந்த வாசத்தோடு உங்கள் சனிக்கிழமை வகுப்பும் வந்துவிட்டது. எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தொண்ணூறுகளில், நம் இராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிர் காக்கச் சொல்லிக்கொடுக்க வந்தீர்கள். நான் அங்கே வாட்ச்மேன். நெஞ்சை அமுக்கிப் பழக ஒரு பொம்மை வேண்டும் என்றீர்கள். பேண்டேஜ் கம்பெனிக் கழிவுத் துணியை என் பழைய காக்கிச் சட்டைக்குள் திணித்துத் தைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள்.

“டீச்சர், மாப்பிள்ளைக்கு மூச்சு இல்ல!”

“அப்பொ சிரிக்காத, அமுக்கு. ஏட்டி செல்வி, மாவா பிசையுத? முழங்கைய மடக்காத!”

அடிக்கடி ஒன்று சொல்வீர்கள்: “அழுகைய பொறவு வச்சுக்கிடலாம்.”

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் செய்துகாட்டப் பிள்ளைகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு போன அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாய்ந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடா உடைத்தார். “வலிப்பா இருக்கும், கையில இரும்பக் குடு” என்று இன்னொருவர் சாவிக்கொத்தை நீட்டினார். செல்வி பொம்மையைக் கீழே போட்டுவிட்டு உங்கள் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

“மூச்சு இல்ல. வாயில எதையும் ஊத்தாதீய! அண்ணாச்சி, வண்டி பிடிங்க!”

அமுக்க ஆரம்பித்தாள். முழங்கை மடங்கவே இல்லை. அவள் சோர்ந்தபோது அடுத்தவள், பிறகு மறுபடி அவள். நான் நிறுத்திய வேனுக்குள்ளும் மண்டியிட்டு அமுக்கிக்கொண்டே வந்தார்கள். டாக்டர் கையை எடுக்கச் சொல்லும்வரை ஒருத்தியும் அழவில்லை.

அடுத்த வாரம் செல்வி பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன்.

“எதுக்கு அண்ணாச்சி வரணும்? எம்புட்டு அமுக்குனேன். டீச்சர் எந்திரிக்கலையே.”

“எந்திரிக்கலதான். ஆனா ஒத்தையிலயா போனாவ? கடைசிவரை ஒங்க கை அவிய மேல இருந்துச்சுல்லா.”

 அவள் எழுந்து முகம் கழுவப் போனாள்.

இப்போது எனக்கும் நடை தள்ளாடுகிறது. கடைத்தெருவில் தனியாகப் போகாதீர்கள் என்கிறாள் மருமகள். போகத்தான் செய்கிறேன். எதிரே செல்விக்கு இப்போது இருக்கும் வயதில் பெண் யாராவது காய்கறிப் பையோடு வந்தால், இவளும் உங்களிடம் படித்தவளாக இருப்பாளோ என்று ஒரு பார்வை பார்க்கிறேன். அடுத்த அடி பயமில்லாமல் விழுகிறது.