வாண்டு நடத்திய கூட்டம்

அன்புள்ள பெரிய மகளுக்கு, அம்மா எழுதுவது. உடம்புக்கு இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் இரண்டு நாளாக ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, மருந்துக்கடையில் ஒருவருடைய இருமல் மருந்தை இன்னொருவர் பையில் போட்டுவிட்டேன், நல்லவேளை முதலாளி பார்த்துத் தடுத்தார். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை வாண்டின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. நீ படித்த காலத்துக் கூட்டம் இல்லை இது, இப்போது பிள்ளைகளே நடத்த வேண்டுமாம், டீச்சர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாராம். மேசையைத் துடைத்து எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு "வாங்க, உட்காருங்க" என்கிறாள், வீட்டில் குடித்த தம்ளரை எடுத்து வைக்காத பெண்! உன் அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போனால் லிஃப்டிடமே என்ன கோளாறு என்று கேட்பதா என்று என் காதில் முணுமுணுத்தார். அவள் படம், கட்டுரை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வர, இவர் நாற்காலியை டீச்சர் பக்கம் திருப்பி "கணக்குல ஏன் இவ்ளோ கம்மி?" என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே வாண்டைக் கைகாட்டினார். மனுஷன் விடவில்லை, இவ அக்கா இதே ஸ்கூல்ல கணக்குல முதல் ஆளு, தெரியுமா என்று உன் பெருமையை வேறு எடுத்துவிட்டார்.

வாண்டு தாள்களை அடுக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள், "என்கிட்டயே கேளுங்கப்பா. தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன். அக்கா நல்லா படிச்சதாலதானே அவ்ளோ தூரம் போயிட்டா? நானும் படிச்சா என்னையும் அனுப்பிடுவீங்க. அப்புறம் உங்ககூட யாரு இருப்பா?" டீச்சருக்கே தூக்கிவாரிப் போட்டது. உன் அப்பா அப்போதுதான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார், "மண்டு, நீ படி, உன்னை யாரும் எங்கயும் அனுப்பல" என்றார். அது நிஜமா பொய்யா என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததிலிருந்து நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறார்.

நீ போனதில் ஒரு தப்பும் இல்லை, இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே டிக்கெட் போடாதே. அவளிடம் பேசு, அது போதும். அறிவுரை வேண்டாம், அங்கே உனக்கு எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உனக்குப் பசி தாங்காது.

இன்னொன்று, இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அவள் அப்படிச் சொன்னதும் பதறிப்போயிருக்க வேண்டிய நான் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், ஒன்றாவது நம்மோடு இருக்குமே என்று. பெற்ற பெண் வேண்டுமென்றே தோற்கிறாள், தாய்க்காரிக்கு உள்ளுக்குள் குளிர்கிறது, இது என்ன மனசடி? அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தில் எதைப் படித்தாளோ தெரியவில்லை. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவளைக் கூப்பிட்டுப் பேசிவிடு, பேச வேண்டாம் என்று நானே உன்னிடம் சொல்வதற்குள்.

உன் அம்மா