விமான நிலையத்தைவிடப் பெரிய நம் வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் இருக்கும் அந்தப் பெண்ணிடமும் காட்டாதே, அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றாலும் காட்டாதே. பார்சலில் மேலாக இருந்த அம்மாவின் கடிதத்தை முதலில் படித்திருப்பாய். இங்கே ஒரு குறையும் இல்லை, வேலை நன்றாகப் போகிறது என்று அதில் இருக்கும். அம்மா சொல்லச் சொல்ல வழக்கம்போல நான்தான் எழுதினேன். அத்தனையும் பொய், அதை என் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதனால்தான் இதை உன் பழைய ஸ்வெட்டரின் கைக்குள் செருகப்போகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஈரத்தலையோடு தூங்குகிறாயா, எடை குறைந்துவிட்டாயா. பார், மூன்று வருடமாக அம்மாவுக்கு எழுதிக்கொடுத்து என் கை தானாகவே உனக்குத் தாயாகிவிட்டது. போனில் சொல்லலாம்தான், ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மாவின் தலையணைக்கு அடியில் தூங்குகிறது. நான் சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அரிசி டின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன்.

உலகமயமாகும் காலத்தில் நாளைய நகரங்கள் என்ற கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்ததை அம்மா போன கடிதத்தில் பீற்றிக்கொண்டாள் அல்லவா, வினையெல்லாம் அங்கேதான் தொடங்கியது. எனக்குத் தெரிந்த நகரம் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் உள்ள நான்கு பஸ் நிறுத்தம். அதை வைத்துக்கொண்டு எட்டுப் பக்கத்துக்கு உலகத்துக்கே யோசனை சொன்னேன். ‘பழைய தெருக்கள் புன்னகையோடு விலகி வளர்ச்சிக்கு வழிவிட வேண்டும்’ என்று முடித்தேன். புன்னகையோடு என்ற சொல்லை நானே வியந்து மூன்று முறை வாசித்தேன். அம்மா கூட்டித் துடைக்கும் கண்காட்சிக் கூடத்தில் அந்த வரியைப் பெரிதாக அச்சடித்து, என் வகுப்பையும் போட்டு, வரப்போகும் நகரத்தின் மாதிரிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். அந்த மாதிரியைத்தான் உனக்குத் தெரியுமே, இரண்டு வகுப்பறை அகலம், மேலே கண்ணாடி மூடி, அதற்கு ஒரே சாவி, அது அம்மாவின் இடுப்பில். தினமும் பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு கட்டடமாகத் தூசி தட்டுவாள். “நான் ரெண்டு நாள் லீவு போட்டா போதும், அத்தனை கோபுரமும் தூசியில முழுகிடும்” என்று பெருமையடித்துக்கொள்வாள்.

போன வாரம் பள்ளி விட்டு அங்கே போனவள், என் பலகையை நான்கு முறை படித்துப் பூரித்துவிட்டு, நம் தெரு எங்கே என்று மாதிரியில் தேடினேன். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதிலிருந்து எண்ணினால் நம் தெரு வரவேண்டிய இடத்தில் மரங்கள். வெறும் மரங்கள். விலக வேண்டிய பழைய தெரு எது என்று எட்டுப் பக்கம் எழுதியவளுக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை பார், முதல் பரிசு மூளை. உன் ஆபீஸில் நீ பார்த்திராத ஊர்களின் வரைபடத்தில் கம்ப்யூட்டரால் மரம் வைப்பதுதான் வேலை என்று சொன்னாயே, இவை நீ வைத்த மரங்களா என்று நான் கேட்கப்போவதில்லை. அப்படியே இருந்தாலும் ஏதோ ஊர் என்றுதானே வைத்திருப்பாய். நீ மரம் வைத்தாய், நான் கட்டுரை எழுதினேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து அம்மாவை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டோம் போலிருக்கிறது.

அழுகை வந்தது, ஆனால் அழாமல் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். அம்மாவின் பிரஷர் மாத்திரை டப்பாவை வெட்டி ஒரு வீடு செய்தேன், நீலக் கதவு, பின்பக்க ஜன்னல், மாடியில் கொடிக்கயிறு எல்லாம் வைத்து. முந்தாநாள் அம்மா தூசி தட்டி முடித்து, மூடியைப் பூட்டுமுன் கை கழுவப் போன நேரத்தில் உள்ளே கையை விட்டு மரங்களுக்கு நடுவில் ஒட்டிவிட்டேன். கணக்கில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். நம் வீடு விமான நிலையத்தைவிடப் பெரிதாக நின்றது. நேற்று வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பார்க்க வந்தார்கள். அதில் ஒருவர், அது என்ன நீலக் கதவுக் கட்டடம் என்று கேட்க, சுற்றிக் காட்டுகிற அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கலாச்சார மையம் என்று சொல்லிவிட்டாராம். எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். அவர்கள் போனதும் மேலாளர் அதைப் பிய்த்தெடுத்துத் திருப்பினார், பின்சுவரில் ‘சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று’ என்று மருந்துக்கடைக்காரரின் எழுத்து. யார் செய்த வேலை இது என்று கத்தினாராம். அம்மா ஒரே பார்வையில் என் கைவேலையைக் கண்டுகொண்டு, “நான்தாங்க வச்சேன். தினம் தொடைக்கிறேன், எங்க தெருவை மட்டும் காணோமேன்னு வச்சேன்” என்று சொல்லிவிட்டாள். நாளை பத்து மணிக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு வேலையைவிட்டு நின்றுகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

இதெல்லாம் அம்மாவோடு வேலை செய்யும் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா என்னைத் திட்டவே இல்லை அக்கா. தட்டை நகர்த்தி வைத்தாலே திட்டுகிறவள், அந்த டப்பா வீட்டைக் கொண்டுவந்து டிவி மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அதன் கதவு பிய்ந்து தொங்குகிறது. உன்னிடம் யோசனை கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எதிர்வீட்டு நர்ஸ் அக்கா விமானம் ஏறி உன் கையில் பார்சலைக் கொடுப்பதற்குள் நாளைய பத்து மணி முடிந்துபோயிருக்கும். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். காலையில் பள்ளிக்குப் போகாமல் அம்மாவோடு போய், வைத்தது நான், பலகையில் அந்த வரியை எழுதியதும் நான், இரண்டில் ஒன்றைத்தான் நான் மனதாரச் செய்தேன் என்று மேலாளரிடம் சொல்லப்போகிறேன். நீயும் உன் ஆபீஸில் ஒரே ஒரு மரத்தை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதை, எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார். உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடு, நீ நூறு வயது வாழ வேண்டும் என்று அம்மாவின் வழக்கமான ஆசீர்வாதத்தை நானே போட்டுவிடுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் பரிசு பெற்ற தங்கை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். பசை எங்கே வைத்தாய், சாவி பத்து மணிவரை என்னிடம்தானே இருக்கிறது, டப்பா வீட்டை நான் எடுத்துக்கொண்டேன், செருப்பை மாட்டிக்கொண்டு வா என்கிறாள்.