மூன்றாவது மாடி மடம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவருடைய அமைதி உங்களோடும் தாய் இல்லத்துச் சகோதரிகள் எல்லாரோடும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் நலம். முட்டிவலி மட்டும் மாடிப்படி ஏறும்போது தன் இருப்பைச் சொல்லிவிட்டுப் போகிறது.

நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. காவலாளி மேலே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "துணியா மேடம்?" என்று கேட்டார். துணிதான் என்றேன். இரண்டு புது முக்காடு, விளிம்பெல்லாம் உங்கள் கைத்தையல். கண்ணாடி போட்டுக்கொண்டு தைத்தீர்களா, போடாமலா? பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மனம் வரவில்லை. அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே எங்கள் மூவர் குடித்தனம் ஓடிக்கொண்டிருக்கிறது. வக்கீல் சிஸ்டர் கோர்ட்டிலிருந்து வரும்போது நான் வார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். டீச்சர் சிஸ்டர் முன்னறையில் திரைக்கு இந்தப் பக்கம் பரீட்சைத் தாள் திருத்துவாள், அந்தப் பக்கம்தான் எங்கள் சிற்றாலயம். போன வாரம் வீட்டுக்கார அம்மா வந்து, "மூணு பேரும் நல்ல வேலையில இருக்கீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பீங்க?" என்று கேட்டார். சாகும்வரை என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

என் வார்டில் எல்லாரும் கடைசிக்கட்ட நோயாளிகள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

---

பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

கடவுள் உன் கைகளைக் காக்கட்டும். அவைதான் அங்கே ஓயாமல் வேலை செய்கின்றன.

கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தைத்தேன். அப்படியும் ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. மடித்து வைத்திருக்கிறாயாம். நல்லது, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்.

ஜூலையில் நம் சபையின் பொதுப் பேரவை கூடுகிறது. வாடகை வீடுகளில் இரண்டு மூன்று பேராக இருக்கும் சகோதரிகளையெல்லாம் பெரிய இல்லங்களுக்குத் திரும்ப அழைத்துவிட வேண்டும், எல்லாரும் துறவுடை அணிய வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. இந்த இல்லத்துத் தலைவி என்ற முறையில் எனக்கும் அதில் ஒரு வாக்கு உண்டு. வேறு யார் மூலமாகவோ உன் காதுக்கு வருவதைவிட நானே சொல்வது நல்லது. ஒன்று கேட்கிறேன், மனதில் பட்டதை எழுது. நீங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு திருப்பாடலை முழுதாகச் சொல்லி முடித்தது எப்போது?

இன்னொரு விஷயம். நம் பழைய மதர் படுத்துவிட்டார். உன்னையும் என்னையும் துறவுப் பயிற்சிக்கு நவகன்னியர்களாகச் சேர்த்து, முழங்கால் போடவும் நடக்கவும் வாயை மூடவும் கற்றுக்கொடுத்தவர் இப்போது புரண்டு படுக்கவும் முடியாமல் கிடக்கிறார். முதுகில் படுக்கைப்புண். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "மடத்துக்குள்ள வந்தேன், மடத்துலேயே போறேன்" என்கிறார். எங்களுக்குப் புண் கழுவத் தெரியவில்லை. அவர் அலறுவதைக் கேட்க முடியவில்லை.

நீ வந்தால் நன்றாக இருக்கும். வரும்போது அந்த முக்காட்டைப் போட்டுக்கொண்டு வா. உனக்காக இல்லை, அவருக்காக.

உன் அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன். விடுப்புக்குச் சொல்லிவிட்டேன். அதற்குள் மதரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். புண்ணில் பவுடர் எதுவும் போடாதீர்கள்.

ஆனால் முக்காடு போட்டுக்கொண்டு வர முடியாது. பிடிவாதம் என்று நினைப்பீர்கள், ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் என் வார்டில் ஒரு பஸ் டிரைவர் இறந்துபோனார். சாமியார், கன்னியாஸ்திரீ என்றாலே அவருக்கு ஆகாது. சின்ன வயதில் யாரோ செய்ததை அவர் மறக்கவே இல்லை. வார்டுக்கு வந்த ஃபாதரை வாசலோடு திருப்பி அனுப்பியவர். என்னிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசினார். பெண்டாட்டியை விட்டு வந்தது, மகளைப் பார்க்கப் போகாதது, எல்லாம். கடைசியில் ஒருநாள், "உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க சிஸ்டர்?" என்றார். நர்ஸைக் கூப்பிடும் சிஸ்டர்தான் அது. நான் யார் என்று சொன்னேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா பேசியிருக்க மாட்டேன். நல்ல வேளை சொல்லல" என்றார். மகளுக்கு அவரே போன் போட்டார்.

அக்கா, நான் முக்காட்டை வெறுத்துக் கழற்றவில்லை. அது எனக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றிருக்கும், அவ்வளவுதான்.

இப்படியே வரலாம் என்றால் வருகிறேன். கூடாது என்றால் சொல்லிவிடுங்கள், டவுனிலிருந்து நல்ல நர்ஸாகப் பார்த்து அனுப்புகிறேன்.

திருப்பாடல் பற்றிக் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அது எனக்கும் வருத்தம்தான்.

உங்கள் தங்கை

---

மார்ச் 6

தங்கைக்கு,

வா. இருக்கிறபடியே வா. பின்பக்கமாக வேண்டாம், முன்வாசல் வழியாகவே வா. பேருந்து நிறுத்தத்துக்குத் தோட்டக்காரரை அனுப்புகிறேன்.

அக்கா

---

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நேற்று மறுபடி வேலைக்குப் போனேன். உங்கள் தோட்டத்துக் காய்களை வக்கீல் சிஸ்டர் ஒரே வேளையில் தீர்த்துவிட்டாள்.

கிளம்பும்போது பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முன்வாசல் வழியாகத்தான் வந்தேன். ஆனால் மதரின் அறைக்குள் என்னைக் கூட்டிப்போய், "மதர், டவுன்லேர்ந்து நர்ஸ் வந்திருக்காங்க" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அவருக்குக் கண் மங்கிவிட்டது, காதும் பாதிதான். பதினெட்டு வயதில் கேட்ட குரலா இது? அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. முதலில் புண்ணைக் கழுவுவோம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வலி குறைந்ததும் பேச ஆரம்பித்தார். நீங்கள் கதவருகே வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றீர்கள், கேட்டிருப்பீர்கள்.

"நர்ஸம்மா, உங்க கை ரொம்ப இதமா இருக்கு. கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல மதர்."

"ஏன்?"

"தோணல."

"அப்போ எங்ககூட வந்துடுங்களேன். இங்க எல்லாம் கிழடுங்க. உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "கொஞ்சம் லேட் ஆயிடுச்சு மதர்" என்றேன்.

"லேட்டா வந்தா முழங்கால் போட வைப்பேன். வராதேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு அவராகவே, "இப்படித்தான் ஒரு கைராசிக்காரி இருந்தா எங்ககிட்ட. உடுப்பைக் கழட்டிட்டுப் போயிட்டா. அவ அக்கா இங்கதான் இருக்கா. அந்தப் பேச்சை எடுத்தா அவ முகம் வாடிப்போகும், அதனால நான் எடுக்கறதில்ல" என்றார்.

நான் போகவே இல்லை அக்கா. மூன்றாவது மாடியில் திரைக்கு அந்தப் பக்கம் தினமும் இருக்கிறேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வலி தணிந்து தூங்கப்போனவரை எழுப்பி, நான்தான் அவள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

உங்கள் தங்கை

---

ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு,

நம் மதர் போன வெள்ளிக்கிழமை காலைத் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போது இறந்தார். ஃபாதர் வந்து நோயில்பூசுதல் முந்தின நாளே கொடுத்திருந்தார். முகத்தில் வலி தெரியவில்லை. புண் முக்கால்வாசி ஆறியிருந்தது, அது உன் கை. அடக்கம் முடிந்தது. தந்தி மாதிரிப் போனில் சொல்ல மனமில்லாமல் எழுதுகிறேன்.

அன்று நான் சொல்லவில்லை, உண்மைதான். நீ யாரென்று தெரிந்தால், பாதிப் புண்ணோடு உன்னை வெளியே போகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். வந்துடுங்களேன் என்று அவர் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். கையில் வெந்நீரோடு கதவருகேயே நின்றுவிட்டேன். நீ போன பிறகு நாலைந்து முறை, "அந்த நர்ஸம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டார். ஒருநாள் சொல்லியே விட்டேன். "மதர், அது என் தங்கச்சி." அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. நீ செய்ததையே நானும் செய்தேன்.

நீ இங்கே இருந்தபோது ஒரு சாயங்காலம் செபத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். புத்தகம் எடுக்கவில்லை. எங்கள் வரிசை பாடி நிறுத்தியதும் மறு வரிசையோடு சேர்ந்து உன் குரல் எழுந்தது. எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே வாங்கினாய். கணக்கு பார்க்கும் சகோதரி திரும்பிப் பார்த்துவிட்டாள், அவள் செபத்தில் திரும்புகிறவளே இல்லை.

என் மனதை மறைக்காமல் சொல்கிறேன். உன் பஸ் டிரைவர் கதையைப் படித்து எனக்குக் கண் கலங்கியது. நீ செய்வது தப்பு என்று ஒருபோதும் நினைக்கவில்லை. ஆனால் ஒருத்தி வார்டில், ஒருத்தி கோர்ட்டில், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் என்று ஆளுக்கொரு நேரம் சாப்பிட்டால், நாளை உங்களில் ஒருத்தி படுத்துவிட்டால் புரட்டிப் படுக்கவைக்க யார் இருப்பார்கள்? மதருக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம், புண் கழுவத் தெரியாவிட்டாலும். துறவு வாழ்வு என்பது நல்ல வேலை மட்டும் இல்லை, கூடி இருப்பதும்தான். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

உன் குரலைத் தினமும் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இதில் கலந்திருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

உன் அக்கா

---

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

பேரவையின் முடிவு வந்துவிட்டது. எங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், துறவுடையோடு தாய் இல்லத்துக்கு வந்து சேர வேண்டும். டீச்சர் சிஸ்டர் பெட்டி கட்டிவிட்டாள். அவளுக்கு உள்ளூர நிம்மதி, இந்த வீட்டில் அவளுக்குத் தனிமை அதிகம் என்று இப்போதுதான் சொல்கிறாள். இத்தனை நாள் பக்கத்து அறையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதியது அவ்வளவும் பொய் இல்லை என்று அதைக் கேட்டபோதுதான் உறைத்தது. வக்கீல் சிஸ்டர் அழுதாள், பிறகு கீழ்ப்படிவேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் வரவில்லை அக்கா.

திருப்பலியில், வார்டில், மாடிப்படியில், எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தேன். ஒரே பதில்தான் வருகிறது. அந்த வார்டில் கிடப்பவர்களை விட்டுவிட்டு வந்தால், எந்த அழைப்பைக் கேட்டுப் பதினெட்டு வயதில் உங்கள் பின்னால் ஓடிவந்தேனோ அதையே விட்டுவிட்டு வந்ததாகும். கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றிக்கொண்டு இருக்கவும் மாட்டேன். அதனால் துறவியாகக் கொடுத்த வார்த்தைப்பாட்டிலிருந்து விடுவிக்கும்படி விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அது உங்கள் வழியாகத்தான் மேலே போக வேண்டும். இந்தக் கவரிலேயே இருக்கிறது. உங்கள் கையில் இதைத் தருவதற்கு மன்னியுங்கள்.

கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

கையெழுத்து போடும்போது என்ன பெயர் போடுவது என்று கொஞ்ச நேரம் தடுமாறினேன். கடைசித் தடவையாகச் சபையில் எனக்கு வைத்த பெயரையே போட்டிருக்கிறேன்.

உங்கள் தங்கை

---

செப்டம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

உன் விண்ணப்பத்தை நான்கு நாள் மேசையில் வைத்திருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சிபாரிசுக்கான இடத்தில், "இவர் நேர்மையானவர்" என்று மட்டும் எழுதினேன். நேற்று மேலிடத்து அனுமதி வந்தது. இதோடு வைத்திருக்கிறேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முன்மொழிவுக்கு ஆதரவாகத்தான் கை தூக்கினேன். நீ வரமாட்டாய் என்று உள்ளுக்குள் தெரிந்தும் தூக்கினேன். இன்று கேட்டாலும் தூக்குவேன். என் வாக்கால் உன்னை இழந்தேன் என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் முழங்காலில் இருக்கிறேன்.

உன் சம்பளம் இனி உன்னுடையது. முதல் வேலையாக முட்டியைக் காட்டு. நர்ஸுகள் தங்கள் உடம்பைப் பார்க்கவே மாட்டார்கள். எங்கே வீடு பிடித்தாலும் தனியாக இருக்காதே. வார்டில் வேலை செய்யும் பெண் யாராவது இருந்தால் கூட வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்தால் முன்வாசல் உனக்குத் தெரியும். சாயங்கால செபத்தில் கடைசி வரிசை எப்போதும் காலிதான்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இரவு செபத்தின் முடிவில், உயிரோடு இருக்கும் நம் சொந்தபந்தங்களின் பெயரை ஒவ்வொருத்தியாகச் சொல்லி வேண்டிக்கொள்ளும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அண்ணன், அண்ணி, தம்பி மகள், அக்கா பேரன் என்று எல்லாரும் சொல்வார்கள். அம்மா போனதிலிருந்து அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல ஆள் கிடையாது. இதுவரை நீ சபைச் சகோதரி, உனக்கான வேண்டுதல் சபையோடு சேர்ந்து முன்னாலேயே முடிந்துவிடும். என் முறை வரும்போது பேசாமல் இருப்பேன், பக்கத்திலிருப்பவள் தொடர்ந்துகொள்வாள்.

நேற்று இரவு என் முறை வந்தது. பக்கத்திலிருந்த சகோதரி வழக்கம்போல அடுத்துச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டில் அம்மா உன்னைக் கூப்பிட்ட பெயரைச் சொன்னேன். மடத்துக்கு வந்த இத்தனை வருடத்தில் என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

"யாரு மதர் அது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"என் தங்கச்சி" என்றேன்.

உன் அக்கா