நைனா என்ற சொல்

பக்கத்து அறை டிரான்சிஸ்டரில் ஓர் இந்திப் பாட்டு. அதில் உங்களைக் கூப்பிடுகிறார்கள். நைனா, நைனா என்று ஒரு பெண் குரல். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அந்த அறைக்காரனிடம் கேட்டேன். இந்தியில் நைனா என்றால் கண்கள் என்றான். சமஸ்கிருத நயனம். நம் வீட்டு நைனா தெலுங்கிலிருந்து வந்தது, அங்கே அப்பா. செஞ்சிக் கடைத்தெருவில் உங்களை அழைத்த நைனார் வேறு. சமணர்களுக்கு ஊர் வைத்த பெயர், தலைவர் என்று பொருள். வகுப்பில் என்றால் இதோடு முடித்துக்கொள்வேன்.

முடியவில்லை. கடைசிக் காலத்தில் உங்களுக்குப் பார்வை இல்லை.

பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்ற நோன்பை மட்டும் விடவில்லை. கடிகாரத்தை நம்ப மாட்டீர்கள். "அதுக்கு மழையும் தெரியாது வெயிலும் தெரியாது. கண்ணால பாத்துச் சொல்லுங்க." தினமும் பார்த்துச் சொன்னோம்.

காய்ச்சலில் சில நாளாக எதுவும் இறங்கவில்லை. அன்று மாலை திடீரென்று, "பசிக்குது" என்றீர்கள். அக்கா கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொண்டுவருவதற்குள் வெளியே மங்கிவிட்டது.

"வெளிச்சம் இருக்குதா?"

"இருக்குது நைனா. மலைக்குப் பின்னாடிதான் போயிருக்குது. குடிங்க."

சிரித்தீர்கள். "உங்க அக்கா சொன்னா நடுராத்திரியிலகூட வெயில் அடிக்கும். நீ பாத்துச் சொல்லுடா."

வாசலுக்குப் போனேன். ராஜகிரி மலையின் விளிம்பு வானத்தோடு கரைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் விளக்கு எரிந்தது. திரும்பினேன். சொல்லாதே என்று அக்கா தலையை ஆட்டினாள். நீங்கள் முகத்தை என் பக்கம் திருப்பி, கிண்ணத்தைத் தொட்டபடி காத்திருந்தீர்கள்.

"இல்ல நைனா."

"சரி. காலையில பாத்துக்கலாம்."

கிண்ணத்தைத் தள்ளிவைத்தீர்கள். தண்ணீரும் வேண்டாம் என்றீர்கள்.

விடியுமுன் போய்விட்டீர்கள்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா இன்னாடா?" என்றாள் அக்கா. அழக்கூட முடியாமல் கேட்டாள். உங்கள் நோன்பைக் காத்தேனா, பசியோடு அனுப்பினேனா? இன்றும் தெரியவில்லை.

நோன்பு என்னிடம் இல்லை. ஹாஸ்டலில் இரவில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் பொழுது சாயும் நேரம் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். சென்னையில் மலை மறைப்பதில்லை. வெளிச்சம் போக வெகுநேரம் ஆகிறது. அது போவதற்குள், யாரும் இல்லாத பக்கம் திரும்பிச் சொல்கிறேன்:

"இருக்குது நைனா. குடிங்க."