கரை பார்க்கப் போனேன்

என் அன்பான 'என்னங்க'வுக்கு,

நான் தொலைந்துபோகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலுக்குள் இறங்கவும் இல்லை. எந்தப் போலீஸ்காரரும் என் கையைப் பிடித்துக் கூட்டி வரவில்லை. எனக்கு நினைவு தப்பிவிட்டதென்றும், கப்பலில் சுற்றுலா போன இடத்தில், இலங்கைக் கடற்கரையில் தனியாக அலைந்தேன் என்றும் ஆரணிக் கடைத்தெரு வரை பேச்சு போயிருக்கிறது. நீங்கள் இருக்கிற இடத்துக்கும் அது வந்து சேர்ந்திருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை கோமதி வந்தாள். உங்கள் சித்தப்பா மகள் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிப்பாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

"இன்னா அண்ணி, தண்ணிக்குள்ள இறங்கிட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"ஊரே பேசிகினு கீது. போலீஸு ஜீப்புல இட்டாந்து கடல்ல வுட்டாங்களாமே."

"கடல்ல விட்டிருந்தா நான் எப்படி இங்க இருப்பேன்? கப்பல்ல விட்டாங்கன்னு சொல்லு. பொய்யையாவது சரியா சொல்லு."

காபியைக் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, "இன்னிக்கு இன்னா கிழம அண்ணி?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் கேட்கவில்லை. எனக்குத் தெரிகிறதா என்று பார்த்தாள்.

"வெள்ளி. நீ கொண்டுவந்த பூ மட்டும் வியாழக்கிழமைப் பூ" என்றேன்.

உங்கள் நினைவு நாளுக்குப் பாலு ஒரு தாள் அச்சடிக்கிறான். மேலே உங்கள் படம், கீழே நாங்கள் எழுதுவது. "நாலு வரி எழுதிக் குடும்மா" என்றான். அன்று சாப்பிட வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் இதை எடுத்துப் படிப்பார்கள். ஆகவே அழகான நாலு வரிக்குப் பதிலாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அச்சுக்குப் போகும் முன் பாலு படிப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

கப்பலிலிருந்து இறங்கிய அன்றே நம் மகன் முடிவு சொல்லிவிட்டான். "அப்பாவுக்குப் படைச்சதும் வீட்டைப் பூட்டிட்டு சென்னைக்கு வந்துடும்மா. இனிமே உன்னைத் தனியா விட முடியாது." அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால், எதற்கு எழுந்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, துலக்கிய சொம்பையே மறுபடி எடுத்துத் துலக்குகிறேன். கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பட்டுக் கடைக்காரர்கள் வெளியூருக்கு அனுப்புகிற ஆங்கில மெயிலை என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டு போவார்களே, அந்த வழக்கம் நீங்கள் போன பிறகும் நிற்கவில்லை. நான் கப்பலிலிருந்து வந்த பிறகு ஒருவரும் வரவில்லை. கேட்டால் "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்கிறார்கள். எதிலிருந்து ரெஸ்ட்?

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

எல்லாம் பாலுவின் ஏற்பாடுதான். சென்னையில் ஏறி, இலங்கைத் துறைமுகங்களில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு, திரும்பவும் சென்னை. பாலு, மருமகள் வித்யா, பேத்தி, நான். ஜவ்வாது மலை பஸ்ஸில் முதல் வளைவிலேயே எலுமிச்சம்பழம் கேட்டவர் நீங்கள். உங்களை ஏற்றியிருக்க முடியாது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வித்யாதான் முதல் நாள் முழுக்கத் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு மோர் கேட்டு வாங்கிக்கொண்டு, அத்தனை மாடிகளில் எங்கள் அறை எது என்று சரியாகக் கண்டுபிடித்துப் போனது நான்தான். ஊர்ப் பேச்சில் இது எங்கேயும் வரவில்லை.

கப்பல் என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கல்யாண மண்டபம் ஒன்று மிதக்கிறது. எந்நேரமும் பந்தி, எந்நேரமும் பாட்டு. யாருக்குக் கல்யாணம் என்றுதான் தெரியவில்லை. அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியில் ஆங்கிலம் பேசினார். ஒரே வாக்கியத்தில் இறந்த காலமும் எதிர்காலமும் வந்தன. நான் படித்த கான்வென்டாக இருந்தால் வகுப்புக்கு வெளியே நின்றிருப்பார்.

மேல்தளத்தில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். எங்கே பார்ப்பது? ஒரு பட்டுச் சேலையை விரித்தால், உடல் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று கண் தானாகப் போய் நிற்கும். இங்கே கரையும் இல்லை, முந்தியும் இல்லை. வெறும் உடல், நீலம், போய்க்கொண்டே இருக்கிறது. இதை உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். பாலுவிடம் சொன்னேன். "காத்து அதிகமா இருக்கா, உள்ள போலாமாம்மா?" என்றான்.

முதல் துறைமுகத்தில் பஸ்ஸில் ஏற்றி யானை காட்டினார்கள். யானை வெகு தூரத்தில் இருந்தது. திருவண்ணாமலை போகிற வழியில் பாறையைப் பார்த்து யானை என்று பாலுவை நீங்கள் ஏமாற்றுவீர்களே, ஏறக்குறைய அவ்வளவுதான் தெரிந்தது.

அடுத்தது திருகோணமலை. அங்கே எல்லோருக்கும் நம்பர் போட்ட ஸ்டிக்கர் கொடுத்து மார்பில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் கட்டியிருந்தது பச்சைப் பட்டு. பட்டில் பசை ஒட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. கைப்பையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டேன். "அம்மா நம்பரைக் கழட்டி எறிஞ்சுட்டாங்க" என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

கோயில் மலை உச்சியில் இருக்கிறது. போகிற வழியில் மான்கள் நம் ஊர் ஆடுகள் மாதிரி நடுரோட்டில் படுத்திருக்கின்றன. சன்னதிக்குப் பின்னால் நேராகக் கீழே கடல். அழகுதான், அதை மறுக்கமாட்டேன். கும்பிட்டுவிட்டுப் படி இறங்கும்போது எனக்கு முன்னால் ஒரு அம்மாள் போனாள். அரக்கு நிறப் பட்டு. கரையில் அன்னம், வரிசையாக.

என் நெஞ்சு ஒரு அடி முன்னால் போய்விட்டது.

உங்கள் அன்னக் கரையை இங்கே எல்லோரும் மறந்திருக்கலாம். தறிக்கு டிசைன் சொல்லும் துளை அட்டைகளில் ஒரு கட்டைத் தலைகீழாகக் கோர்த்துவிட்டார்கள். வரிசையில் ஒரு அன்னம் மட்டும் பின்னால் திரும்பிவிட்டது. சேலை வீட்டுக்கு வந்ததும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். "தப்பு, பிரிச்சுடச் சொல்லுங்க" என்றேன். நீங்கள் ஒற்றை விரலால் அதைத் தடவிவிட்டு, "தப்பு இல்ல. பின்னால ஆள் வருதான்னு திரும்பிப் பாக்குது" என்றீர்கள். 'திரும்பிப் பார்த்த அன்னம்' என்று பெயரும் வைத்தீர்கள். அப்படி நெய்த சேலை எல்லாம் விற்றது. மறுவருடமும் அதையே கேட்டு வந்தார்கள். இலக்கணப் பிழையை அலங்காரமாக்கி விற்ற ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நீங்கள்தான்.

அந்த அம்மாளின் கரையில் ஏதாவது ஒரு அன்னம் திரும்பியிருக்கிறதா என்று எனக்குப் பார்த்தாக வேண்டும். வித்யா பேத்தியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒரு கரை பாத்துட்டு வந்துடறேன், நீங்க போங்க" என்றேன். "சரி அத்தை" என்றாள். இவ்வளவுதான் பேசிக்கொண்டோம்.

இளநீர்க் கடை அருகில் அந்த அம்மாள் நின்று திரும்பினாள்.

"என்னம்மா, ஆரையும் தேடுறீங்களோ?"

"உங்க கரையைப் பாக்கணும்."

"சீலைக் கரையோ?" என்று சிரித்தாள். "அதுக்கென்ன, வடிவாப் பாருங்கோ." முந்தானையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அவள் அந்த ஊர் டீச்சர். சேலை யாரோ சொந்தக்காரர் சென்னையில் வாங்கி வந்ததாம். பெஞ்சில் என்னை உட்காரவைத்துப் பாலில்லாத தேநீர் வாங்கித் தந்தாள். நான் முந்தானை நீளத்துக்கும் கரையைப் பார்த்தேன். அத்தனை அன்னமும் ஒழுங்காக, ஒரே திசையில், வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி போயின. கான்வென்டில் படித்தவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"ஆர் செய்ததெண்டு பாக்கிறீங்கள்?"

"எங்க வீட்டுக்காரர் போட்ட கரையோன்னு பாத்தேன். இல்ல."

அவள் இன்னொரு தேநீர் சொன்னாள்.

பஸ் கிளம்புகிற நேரத்துக்கு முன்பாகவே நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். உள்ளே ஒருவரும் இல்லை. டிரைவர் மட்டும் கீழே நின்றார். "எல்லாரும் மேல போயிட்டினம். ஆரோ ஒரு அம்மாவைக் காணேல்லையாம்" என்றார். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்த அம்மா எப்படி இருப்பாங்களாம் என்று கேட்டேன். "நரைச்ச தலை, பச்சைச் சீலை" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். நானும் என் சேலையைப் பார்த்தேன். இது வரைக்கும் சிரிக்கலாம்.

மறுபடி படி ஏறினேன். கோயிலுக்குப் பின்னால், கம்பித் தடுப்பில் வயிறு அழுந்த, பாலு குனிந்து நின்றிருந்தான். அவன் பாதையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்க்கவில்லை. கீழே, பாறையில் அலை மோதுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எங்கம்மா போன?"

"கரை பாக்க."

"அதான் கேக்கறேன். கரையில உனக்கு இன்னாம்மா வேலை?"

"சேலைக் கரைடா. ஒரு அம்மா கட்டியிருந்தா."

"சரிம்மா. சரி. வா."

அந்த 'சரிம்மா' எனக்குத் தெரியும். கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரியில் நீங்கள், அங்கே இல்லாத ஆளிடம் பேசும்போது நான் உங்களுக்குச் சொன்ன சரி அது.

அவன் பயந்தது பொய் இல்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். ஆனால் அவன் ஏன் முதலில் கீழே பார்த்தான்? நீங்கள் போன பிறகு என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், பேப்பர் படிக்கிறேன், மின்கட்டணம் கட்டுகிறேன். இதில் எதைப் பார்த்து அவனுக்கு அந்தப் பள்ளம் ஞாபகம் வந்தது?

நான் கரை பார்க்கப் போனதாக அவனிடம் சொன்ன வித்யா மேல் குற்றமில்லை. அவள் வளர்ந்த வீட்டில் கரை என்றால் கடற்கரை, ஆற்றங்கரை. பாலு அப்படியா? உங்கள் கடை மெத்தையில் உருண்டு வளர்ந்தவன். "சின்னக் கரையா, பெரிய கரையா, அம்மாவுக்கு எது காட்டட்டும்?" என்று உங்கள் குரலிலேயே பேசிக் காட்டிப் பக்கோடா வாங்கித் தின்றவன். நம் ஊரில் ஆற்றுக்கே எப்போதாவதுதான் தண்ணீர் வரும். அந்தக் காதுக்குக் கரை எப்போது கடல் ஆனது? கடல் தாண்டிப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒருத்திக்கு என் வார்த்தை புரிந்தது. நீங்கள் இருந்திருந்தால் கம்பித் தடுப்புப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். "எந்தச் சேலை பின்னாடி போனாளோ" என்று சொல்லிவிட்டு ஒரு தேநீர் குடித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு என்னை எங்கேயும் இறங்க விடவில்லை. அடுத்த துறைமுகத்தில் வித்யாவும் இறங்காமல் எனக்குக் காவல் இருந்தாள். "பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட வேணாம் அத்தை" என்று மெதுவாகச் சொன்னாள். நல்ல பெண். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அதற்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கான்வென்டில் எங்கள் சிஸ்டர் பாதி வாக்கியத்தை ஏற்க மாட்டார். 'முழு வாக்கியத்தில் சொல்' என்று உட்கார விடாமல் நிறுத்திவைப்பார். அந்தப் படியில் நான் முழு வாக்கியம் சொல்லவில்லை. 'அந்த அம்மாவின் சேலைக் கரையைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லியிருந்தால் பாலு அங்கே குனிந்திருக்க மாட்டான். ஏன் சொல்லவில்லை? உங்களோடு வாழ்ந்த வீட்டில் பாதி வார்த்தையே அதிகம். மீதியைப் புரிந்துகொள்கிற ஆள் இல்லை என்று தெரிந்தும் வாய் பழையபடியே நிறுத்திவிடுகிறது.

அதனால் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி வெளியே போகும்போது எங்கே, யாரைப் பார்க்க, எதைப் பார்க்க என்று முழுசாகச் சொல்வேன். போனைக் கையில் வைத்திருப்பேன். இன்னொரு கப்பலுக்குக் கூப்பிட்டாலும் போவேன், எல்லா ஊரிலும் இறங்குவேன். சேலையில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன். உங்கள் நாளன்று பீரோவில் இருக்கிற அன்னக் கரையைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். யாருக்குக் கரை என்றால் என்னவென்று தெரியவில்லையோ, அவர்கள் கிட்ட வந்து பார்க்கட்டும்.

பாலு, இனி உனக்கு. இதைச் சுருக்காமல் அச்சுக்குக் கொடு. நான் ஆரணியில், என் வீட்டில், சாவியை என்னிடம் வைத்துக்கொண்டு இருப்பேன். இதற்கு உனக்குச் சம்மதமா, இல்லையா? போனில் சொல்லாதே, போனில் நீ 'சரிம்மா' என்பாய். அப்பாவுக்குப் படைக்கும் முன் எனக்குப் பதில் எழுது, முழு வாக்கியத்தில்.

உன் அப்பாவின் மனைவி,
உன் அம்மா